ஆற்றைக் காக்கும் மொழி

(ஆம்பூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலூரைப் பற்றிப் பழைய நையாண்டி ஒன்று வழங்கி வருகிறது. அரசனில்லாக் கோட்டை, இறைவனில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்பது அது. இம் மூன்றனுள் கோட்டையின் குறை ஒரு குறையே அன்று. அரசர் காலம் போயிற்று. குடியாட்சிக் காலம் வந்தது. கோயிலின் குறை 1981-ஆம் ஆண்டு தீர்ந்தது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த கோட்டைக் கோயிலுக்குள், சத்துவாச்சாரியில் வைத்திருந்த சலகண்டேசுவரர் திருமேனியை அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஊர்மக்கள் கொண்டுவந்து நிறுத்தினர். நீரைத் தன் பெயரிலே தாங்கிய இறைவன் திரும்பிவிட்டான். நீர்தான் இன்னும் திரும்பவில்லை.

அந்த மூன்றாம் குறையைப் பற்றியே இவ்வுரை. ஆறு வேறு, மொழி வேறு. தமிழ்க் கூட்டத்தில் சாக்கடை பற்றிய பேச்சு எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். மொழி என்பது பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டும் உரியது என்று எண்ணுவார்க்கே அவ்வினா எழும். ஒருவன் குடிக்கும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கு எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்பதும் மொழிச் சிக்கலே. இன்னும் சொல்லப்போனால், அதுவே முதன்மையான மொழிச் சிக்கல்.

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ் நிலத்தில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கற்பட்டு என ஊர்களை ஒட்டிச் சென்று வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டு முழுவதும் கரைபுரண்டு ஓடிய ஆறு அன்று அது. அதன் செல்வம் மேலே ஓடிய நீரன்று. மணலுக்குள் ஒளிந்திருந்த நீர். கோடையிலும் கையால் மணலைத் தோண்டினால் ஊற்றுச் சுரந்தது. அவ்வாற்று மணலிலிருந்து ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள் நம் முன்னோர். காவேரிப்பாக்கத்துப் பேரேரி போன்ற ஏரிகளுக்கு அவ்வாறே தாயாய் இருந்தது.

அத் தாயின் மீது மூன்று கைகள் விழுந்தன. முதற்கை மேலேயிருந்து விழுந்தது. 1892-ஆம் ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே ஆற்றுநீர் ஒப்பந்தம் இருந்தும், மேற்பகுதியில் தேக்கங்களும் தடுப்பணைகளும் பெருகின. புல்லூரில் இருந்த தடுப்பணையை ஆந்திர அரசு 2016-இல் உயர்த்தியது. இரண்டாம் கை மணலை அள்ளியது. நீரைப் பொதிந்து வைத்திருந்த பையையே கிழித்தது. மூன்றாம் கை கழிவைக் கொட்டியது. முதலிரு கைகளும் நீரின் அளவைக் குறைத்தன. மூன்றாவதோ நீரின் தன்மையையே கெடுத்தது. அளவு குறைந்தால் மழை வந்து நிரப்பும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை எல்லாரும் கண்டோம். தன்மை கெட்டுவிட்டால் ஒரு வெள்ளத்தால் கிணற்றின் கரிப்பு முற்றும் தீர்ந்துவிடாது.

அம் மூன்றாம் கையைப் பற்றிச் சற்று விளங்கக் காண்போம். தோல் பதனிடுதல் இம் மண்ணுக்குப் புதிய தொழிலன்று. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் இடித்து ஊறவைத்து, அவற்றின் துவரால் தோலைப் பதனிட்டது பழைய முறை. அதற்கு நாள் பல ஆகும். 1970-களின் தொடக்கத்தில், பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை நடுவணரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலும் தோற்பொருளும் செய்து அனுப்பினால் உள்நாட்டார்க்கு வேலையும் வருவாயும் மிகும் என்பது நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் அதனோடு குரோமியம் என்னும் மாழையின் உப்பால் விரைந்து பதனிடும் முறை எங்கும் பரவியது. தொழில் பெருகிய அளவுக்குக் கழிவைத் தூய்மை செய்யும் ஏற்பாடு பெருகவில்லை.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க முதலில் சோற்றுப்பைத் தடவுகின்றனர். பதனிடும்முன் அவ்வுப்பையெல்லாம் நீரில் ஊறவைத்துக் கழுவுகின்றனர். பிறகு சுண்ணாம்பும் கந்தகச் சேர்மமும் இட்டு மயிர் நீக்குகின்றனர். அதன்பின் காடி, குரோமிய உப்பு, சாயம், கொழுப்பு எனப் படிப்படியாகச் செல்கிறது வேலை. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் குறிக்கப்பட்டுள்ளது. இவற்றுள் குரோமியத்தைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். ஆயினும் நிலத்தடி நீரைப் பரவலாகக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. சோறாக்கும் உப்புத்தானே என்று எண்ணற்க. நீரில் கரைந்துவிட்ட உப்பு எளிய வடிகட்டலால் நீங்குவதன்று. அது மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஏறியது.

அதை முதலில் அறிந்தவர் அறிவியலார் அல்லர், இவ்வூர்ப் பெண்கள். அந்நீரில் பருப்பு வேகாது. வழலைக்கட்டி நுரைக்காது. குடத்தின் விளிம்பில் வெள்ளை படியும். நாவே அவர்க்கு ஆய்வுக்கூடம். இன்று விடியலில் காலணித் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடும் பெண், அதற்குமுன் குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள். குடிப்பதற்குத் தனியே அடைகலன் நீரை விலைக்கு வாங்குகிறாள். பாலாற்றங்கரை ஊர்களுக்குக் காவிரி நீர் குழாய்வழி வருகிறது. 2019 சூலையில் சென்னை வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குச் சென்றதும் அக்காவிரி நீரே. ஆற்றங்கரையில் வாழ்ந்துகொண்டு வேற்றாற்று நீரைக் குடிக்கும் நிலை வந்தது.

இக்கொடுமையை எதிர்த்து ஊரார் வாளாவிருக்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் இந்திய உச்ச நயன்மன்றத்தை, அதாவது உச்சநீதிமன்றத்தை, நாடியது. 1996 ஆகத்து 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நடுவத்தின் கணக்குப்படி, தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஏக்கர்க் கணக்கில் அது எண்பத்தாறாயிரத்துக்கும் மேல். கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அன்று உறுதி செய்யப்பட்டது. இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்று எடுத்தாளப்படும் அந்நெறிக்கு வேலூரின் பெயரே அடையாளம். இது நாம் பெருமை கொள்ளத்தக்கதே.

அத்தீர்ப்பின்படி, ஓய்வுபெற்ற நடுவர் பாசுகரன் தலைமையில் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. 2001-இல் அது, 29,193 பேர்க்கு 26 கோடியே 82 இலக்கம் உருபா வழங்க வேண்டும் என்றும், 547 தோற்சாலைகள் அதைச் செலுத்த வேண்டும் என்றும் வரையறுத்தது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்து இருநூறு உருபாவும் நிரம்பவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறிட்ட நிலத்துக்கு விலை அவ்வளவே! அதற்கும் முறையீடு, மறுமுறையீடு என்று ஆண்டுகள் சென்றன. 2025 சனவரி 30-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்கி, எஞ்சியவர்க்கு இழப்பீட்டைத் தருமாறும், தூய்மைப் பணியைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்மன்ற நடுவர் தலைமையில் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. முதல் வழக்குக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்! வழக்குத் தொடுத்த நாளில் பிறந்த பிள்ளை இன்று பிள்ளை பெற்றிருப்பான்.

இனி வினாவுக்கு வருவோம். இத்தனை ஆண்டும் எழுதப்பட்ட தாள்கள் எத்தனை? ஆய்வறிக்கை, இசைவுத்தாள், அறிவிப்பு, வாதுரை, ஆணை, தீர்ப்பு. இவற்றைச் சுமக்க ஒரு சரக்குந்து போதுமா என்பது ஐயம். இவற்றுள் கிணறு கெட்ட உழவன் தானே படித்து அறியக்கூடியவை எத்தனை? தன் நிலத்தின் நோயைப் பற்றிய ஏட்டைப் படிக்க அவன் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. நோயாளி தன் நோயின் பெயரை அறியாமல் மருத்துவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது போன்றது அது.

சட்டமே அப்படித்தான் அமைந்துள்ளது. நடுவணரசின் 2006-ஆம் ஆண்டுச் சூழல் தாக்க அறிவிக்கையின்படி, ஓர் ஆலை வருமுன் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு, ஆய்வறிக்கையின் சுருக்கம் மட்டுமே வட்டார மொழியில் இருந்தால் போதும். தடித்த முழு அறிக்கையைத் தமிழில் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020-இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவை வெளியிட்டு, நாட்டு மக்கள் அனைவரும் கருத்துரைக்கலாம் என்றனர். வரைவு எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதை வெளியிடுக என்று தில்லி உயர்மன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டபோது, அவ்வாணையை எதிர்த்து நடுவணரசு உச்சமன்றம் வரை சென்றது. கருத்தைக் கேட்பார்களாம், கருத்துரைக்க வேண்டியதை மட்டும் விளங்கும் மொழியில் தரமாட்டார்களாம்!

நயன்மன்றங்களிலும் அதே நிலை. சென்னை உயர்மன்றத்தில் தமிழும் வழக்காடு மொழியாக வேண்டும் என்று 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்மன்றங்களில் இந்திக்கு இடம் தந்த அதே அரசியலமைப்பு, தமிழுக்குக் கதவைத் திறக்கவில்லை. 2019-இல் உச்சமன்றத் தீர்ப்புகளை வட்டார மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோதும் முதற்பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பின்னரே சேர்த்தனர். கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

பழைய ஆம்பூரை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், ஆநிரைப் போரில் வீழ்ந்த மறவர்க்கு இவ்வூரில் நடுகல் எடுத்தனர். அவற்றில் பொறித்த எழுத்து தமிழ். சொன்ன செய்தி தமிழ். ஊர் மாடுகளைக் காக்க யார் உயிர் கொடுத்தான் என்பதை ஊரார் அறியும் மொழியில், ஊர் நடுவே, கல்லில் எழுதி வைத்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டு மந்தைக்கு இருந்த மதிப்பு, இன்று ஓர் ஆற்றுக்கு இல்லையா?

தமிழில் இவற்றையெல்லாம் சொல்ல முடியாது என்பாரும் உளர். தோல், பதம், பதனிடல், ஊறல், துவர், காடி, சுண்ணாம்பு, தொட்டி, கழிவு, கசடு, கரிப்பு. இவற்றுள் எது தமிழில் இல்லை? இத்தொழிலாளியின் வாயிலேயே இதற்குரிய கலைச்சொல் இருக்கிறது. குரோமியம் போன்ற தனிமத்தின் பெயரை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிட்டு, அது என்ன செய்யும் என்பதை நல்ல தமிழில் விளக்கலாம். தூய தமிழ் என்பது மக்களுக்கு விளங்காத தமிழன்று. விளங்காமையை ஒழிக்கும் தமிழ்.

ஏற்றுமதித் தொழிலுக்கு ஆங்கிலமே வேண்டும் என்பார் பிறர். வெளிநாட்டாரோடு கடிதம் எழுத ஆங்கிலம் இருக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நம் காலணியை வாங்கும் அந்நாட்டார் செய்வதைப் பாருங்கள். தீங்கு தரும் வேதிப்பொருளை விற்பவர், அதன் காப்புக் குறிப்பேட்டை விற்கும் நாட்டின் ஆட்சிமொழியில் தரவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் பொது விதி. செருமானியத் தொழிலாளி செருமன் மொழியில் படிக்கிறான். தோலைப் பதனிட இடும் குரோமியம் சிலபோது அதன் கொடிய வடிவாக மாறக்கூடும். அக்கொடிய வடிவு ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் அளவை எட்டினாலும் அத்தோற்பொருளை விற்கலாகாது என்று 2015 மே முதல் அவர்கள் தடுத்துள்ளனர். அவன் காலுக்கு அத்துணைக் காப்பு. அக்காலணியைச் செய்த கைக்கு என்ன காப்பு? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட, ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று கூறியது. ஏட்டில் எழுதியது சுவரில் ஏறியதா என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தன் ஆலையில் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. 2015 சனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோற்கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தோற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்தவர்களை மூழ்கடித்தது. பத்துப் பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர்க்குரிய எச்சரிக்கை வங்க மொழியில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பதே தமிழனின் அறம். தாய்மொழி உரிமையைத் தனக்கு மட்டும் கேட்பவன் அதன் பொருளை அறியாதவன். வீட்டில் உருது பேசும் அண்டை வீட்டாரும் இதே கிணற்று நீரையே குடிக்கின்றனர். தெருவிலும் சந்தையிலும் அனைவரையும் இணைப்பது தமிழ். அத்தமிழில் செய்தி வந்தால் எல்லார்க்கும் காவல்.

இவ்வுரை தோல் தொழிலைத் தூற்றுவதற்கன்று. பல்லாயிரம் அடுப்புகள் அதனால் எரிகின்றன. தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்ற இழிநினைப்பை முதலில் எரிக்க வேண்டும். பிறப்பில் உயர்வு தாழ்வில்லை என்று வரையறுத்த வள்ளுவர் வழிவந்தவர் எனச் சொல்லிக்கொள்வார்க்கு அந்நினைப்பு அடாது. உண்மையில், அந்த இழிநினைப்புக்கும் இந்தக் கழிவுக்கும் உறவு உண்டு. தாழ்த்தப்பட்டவன் குடியிருப்புப் பக்கம்தானே போகிறது என்று வாய்க்காலைப் பார்த்தும் பாராமல் போன ஊர், இறுதியில் தன் கிணற்றிலும் அதே கரிப்பைக் குடித்தது. நீருக்குச் சாதி தெரியாது.

பொதுத் தூய்மை நிலையங்கள் வந்துள்ளன. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் மீளப் பயன்படுத்த வேண்டும் என்ற நெறியும் வந்துள்ளது. நல்லது. அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் கண் மக்களுடையதாக இருக்க வேண்டும். இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேற்றுச் சாலையில், ஓரிலக்கத்து ஐம்பதாயிரம் தன்னுக்கும் மேற்பட்ட கழிவு பல்லாண்டு குவிந்து கிடந்தது. உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களுள் ஒன்றாக 2006-இல் அமெரிக்க அமைப்பொன்று இராணிப்பேட்டையைக் குறித்தது. நம் ஊரின் நோயை வெளிநாட்டான் பட்டியலிட்டுச் சொல்லியா நாம் அறிய வேண்டும்?

ஆகவே செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு தெருவின் குடிநீர், கிணற்றுநீர் ஆய்வு முடிவும் தமிழில் பலகையில் எழுதப்பட வேண்டும். எண் மட்டும் போதாது. இந்நீரைக் குடிக்கலாம், குடிக்கலாகாது என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக்கு முழு அறிக்கையும் தமிழில் தரப்பட வேண்டும். ஊரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். ‘தகவல்’ அறியும் உரிமைச் சட்டம் என வழங்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வட்டாரத்தின் ஆட்சிமொழியிலேயே விண்ணப்பிக்கலாம். அலுவலகங்கள் தாமாக வெளியிடும் செய்திகளில் வட்டார மொழியைக் கருத வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. எனவே ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடி அலையாதீர்கள். உங்கள் தமிழில், உங்கள் கையெழுத்தில், எங்கள் கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தாள் கோப்பில் உறங்கும். தெருவே கேட்டால் உறங்காது. பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு கோடைதோறும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் தன்மையையும் ஒரு சுவடியில் எழுதச் செய்யட்டும். பத்தாண்டில் அதைவிடச் சிறந்த சான்று எந்த மன்றத்துக்கும் கிடைக்காது.

தமிழை வாழ்த்திப் பேசிவிட்டுக் கலைவது எளிது. தமிழில் வினவுவது கடினம். விடை வரும்வரை விடாமல் வினவுவது அதனினும் கடினம். அதைச் செய்யும் நாளில்தான் தமிழ் ஆட்சிமொழியாகும். பாலாறு மீண்டும் ஆறாகும்.

கேட்போம் தமிழில்! மீட்போம் பாலாற்றை!